‘ரிசர்ச் டைவர்’ சான்றிதழுக்குப் பணம் கட்டுமுன் படித்துவிடுங்கள்

பவளப்பாறை ஆராய்ச்சிக்கு வெளிநாடு கிளம்பும் மாணவர்களிடம், “கடலுக்கடியில் இறங்கி ஆராய்ச்சி செய்ய இந்த ரிசர்ச் டைவர் சர்டிபிகேட் போதும், உலகம் பூரா செல்லும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு அறுபதாயிரம் ரூபாய் போயிற்று. பணம்கூடப் பரவாயில்லை, போன சீசன்தான் திரும்பாது.

கிழக்குக் கடற்கரையில் ஒரு டைவிங் மையம். பயிற்சி மோசமில்லை, சொல்லிக்கொடுத்த பையன் கெட்டிக்காரன். முதலாளிதான் வேறு ரகம். மருத்துவச் சான்றும் பேக்கேஜில் அடக்கம் என்றார். வந்த டாக்டர் பிரஷர் பார்த்தார், “வீசிங் உண்டா?” என்றார், கையெழுத்துப் போட்டார். காதுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சீல் போட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கி வைத்த டைவ் லாக் புக் (ஒவ்வொரு டைவின் ஆழம், நேரம் எழுதும் பதிவேடு), நான் விமானம் ஏறும் வாரத்தில்தான் கூரியரில் வந்தது.

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில், நான் போன நிறுவனத்தின் டைவிங் அதிகாரி அம்மையார் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லா டைவும் 18 மீட்டர், 45 நிமிடம். ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து. நம் கடல் மழைத்தண்ணீர் கலந்து டீ மாதிரி கலங்கிக் கிடக்கும் முந்தின வருட நவம்பர் கடைசியில் ‘தெளிவு 15 மீட்டர்’ என்று ஒரு பதிவு! நான் இறங்கியதே மழைக்கு முன்னால்தான். “இதில் பாதி நான் போகாத டைவ்” என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் லாக் புக், மையம் தந்த சான்றிதழ் அட்டை, மருத்துவச் சான்று மூன்றுமே செல்லாது என்றார்.

ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சிக்காக நீரில் இறங்கினால் அது தொழில்முறை வேலைக் கணக்கு. அறிவியல் டைவிங்குக்கு ஏஎஸ்/என்இசட்எஸ் 2299.2 என்ற தரநிலை, உடல்தகுதிக்கு 2299.1. டைவிங் மருத்துவம் படித்த டாக்டர்தான் காது, நுரையீரல் எல்லாம் சோதித்துச் சான்று தர வேண்டும், வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். அமெரிக்காவில் ஏஏயூஎஸ் என்ற அறிவியல் டைவிங் அமைப்பின் விதிப்படி 100 மணி நேரப் பயிற்சி, குறைந்தது 12 டைவ். ஜெர்மனியில் ஆராய்ச்சி டைவருக்குத் தனித் தேர்வே உண்டு. கடையில் காசு கொடுத்து வாங்குகிற சமாச்சாரம் இல்லை இது.

கிரேட் பேரியர் ரீஃபில் அக்டோபர், நவம்பர் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் பவளங்கள் கூட்டமாக முட்டையும் விந்தும் வெளியிடும். என் பயணத் தேதியே அதை வைத்துத்தான் போட்டது. மறுபடி பரிசோதனை, பயிற்சி என்று முடிப்பதற்குள் அது கடந்துவிட்டது. மற்றவர்கள் கீழே பவளம் பார்க்க, நான் படகில் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு இறங்கினார், ஏறினார் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

காசு கட்டுவதற்கு முன் நீங்கள் போகும் நிறுவனத்தின் டைவிங் அதிகாரிக்கே மெயில் போடுங்கள்: எந்த அட்டை, எத்தனை டைவ், எந்த மருத்துவப் படிவம். லாக் புக்கை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். அன்றன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “அந்த ஊர் ரூல் எங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?” என்று வாட்ஸாப்பில் பதில். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் கையில் இருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாகிவிட்டது. அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்.