மில் பேனலில் நின்றபடி தென்மண்டல கிரிட்டுக்கு ஒரு ரிவ்யூ

எங்கள் மில்லின் மெயின் பேனலில் ஒரு பழைய ரீடு மீட்டர் இருக்கிறது. சின்னச் சின்னத் தகரப் பற்கள் வரிசையாக நிற்கும். 47-இல் தொடங்கி 53 வரை, அரை ஹெர்ட்ஸுக்கு ஒரு பல். கரண்டின் அதிர்வெண் (ஃப்ரீக்வென்சி) எதுவோ அந்தப் பல் மட்டும் நடுங்கி, வெள்ளையாக விரிந்து தெரியும். 1997-இல் பல்லடம் பக்கத்து இந்த நூல் மில்லில் ஷிஃப்ட் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த அன்று, சீனியர் எனக்குக் காட்டிய முதல் சாமான் அதுதான். இருக்க வேண்டியது 50, அன்றைக்கு நடுங்கிக்கொண்டிருந்தது 48.5. “இதை மட்டும் பாத்துக்க தம்பி, மத்ததெல்லாம் தானா வரும்” என்றார்.

மிக்ஸிக்கும் பிரியாணிக்கும் நட்சத்திரம் போடுகிறோம். இருபத்தெட்டு வருடமாக இராப்பகலாக நான் வாங்கிக்கொண்டிருக்கும் கரண்ட் என்ற சரக்குக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. வீட்டுக்கு மீட்டர் மாட்டுகிற ஆபீஸைப் பற்றி இங்கே பேசவில்லை. அதற்கும் மேலே, 230, 400, 765 கே.வி. (கிலோவோல்ட்) என்று போகும் பெரிய கம்பிகளின் பின்னல், அதாவது கிரிட், அதை ஓட்டுகிற ஆட்கள் பற்றித்தான் இது. நாங்கள் அவர்களுக்கு நேரடி வாடிக்கையாளர்கள்கூட. எங்கள் காற்றாலைகள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுற்றுகின்றன, அந்த யூனிட்டுகளில் பஞ்சு நூலாக மாறுவது இங்கே. நடுவில் இருக்கும் தூரத்துக்குக் கட்டணம் கட்டுகிறோம். கட்டணம் கட்டுகிறவனுக்கு ரிவ்யூ எழுத உரிமை உண்டுதானே?

முதலில் தரம். அந்தப் பல் எதற்கு முக்கியம் என்றால், மோட்டாரின் வேகம் ஃப்ரீக்வென்சியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. நாலு துருவ (போல்) மோட்டார் என்றால் 50 ஹெர்ட்ஸில் கணக்குக்கு 1500 சுற்று. 48.5 ஆனால் 1455. மூன்று சதவீதம் போச்சு. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில் வேகமும் அதே மூன்று சதவீதம் இறங்கும். நாளைக்குப் பத்தாயிரம் கிலோ நூல் இறக்குகிற மில்லுக்கு முந்நூறு கிலோ குறையும். மேனேஜர் காலையில் புரொடக்‌ஷன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மெயின்டனன்ஸ்காரனை முறைப்பார். நான் ரீடு மீட்டரைக் கை காட்டுவேன். மோட்டார் வேகத்தைத் தனியாகப் பிடித்துவைக்கும் இன்வெர்ட்டர் டிரைவ் அப்போது எங்கள் மெஷின்களில் கிடையாது. கிரிட் இளைத்தால் நூலும் இளைக்கும், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் தென்மண்டலத்தில் 48-க்கும் 48.5-க்கும் நடுவே மணிக்கணக்காகக் கிடப்பது சாதாரணம். ஆந்திரா, கர்நாடகா, கேரளா, தமிழ்நாடு எல்லாம் ஒரே தொட்டியில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தன. யார் ஒதுக்கீட்டுக்கு மேல் உறிஞ்சினாலும் விலை அதேதான். பிறகு யார் நிறுத்துவார்கள்? 2003 ஜனவரி 1-இல் ஏபிடி என்ற கட்டண முறை தென்மண்டலத்துக்கு வந்தது. ஃப்ரீக்வென்சி இறங்க இறங்க, ஒதுக்கீட்டுக்கு மேல் எடுக்கிற ஒவ்வொரு யூனிட்டின் விலையும் ஏறும். அந்த வருடமே எங்கள் பேனலில் நடுக்கம் வலது பக்கமாக நகர ஆரம்பித்தது. புது மெஷின் வாங்காமலே புரொடக்‌ஷன் ஏறியது. முதலாளி எனக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தார். நான் செய்தது ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

அடுத்து டெலிவரி. இதில்தான் பல வருடம் அடி வாங்கினோம். 2008-க்குப் பிறகு பற்றாக்குறைக் காலம். ஜெனரேட்டர் டீசலிலேயே லாபம் கரைந்தது. வடக்கே மலிவாகக் கரண்ட் கிடைத்தது, மின்சாரச் சந்தையில் வாங்கக் காசும் இருந்தது. ஆனால் கொண்டுவரக் கம்பி போதவில்லை. ‘காரிடார் இல்லை’ என்ற இரண்டு வார்த்தையை அந்த வருடங்களில் கேட்ட அளவுக்கு என் பெயரைக்கூடக் கேட்டதில்லை. பந்தியில் சோறு வெந்து கிடக்கிறது, இலை போட இடமில்லை என்கிற கதை. சந்தையில் தெற்குக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு ஒரு விலை என்று பிரிந்து, நம் விலை எங்கேயோ நின்றது.

காரணம் எளிது. நாட்டின் மற்ற நாலு மண்டலங்களும் 2006-க்குள் ஒரே நுகத்தில், அதாவது ஒரே ஃப்ரீக்வென்சியில், பூட்டியாகிவிட்டது. தெற்கு மட்டும் தனி நுகம். இரண்டுக்கும் நடுவே டி.சி. (நேர் மின்னோட்ட) இணைப்புகள் மட்டும். ஒடிசாவின் தால்சேரிலிருந்து கர்நாடகத்துக் கோலாருக்கு ±500 கே.வி. லைன், சந்திரபூர் பக்கம் ஆயிரம் மெகாவாட், விசாகப்பட்டினம் காஜுவாகாவில் ஆயிரம். டி.சி. என்பது மதகு மாதிரி. திறந்த அளவுக்குத்தான் தண்ணீர்.

அந்த மதகே ஒருமுறை நம்மைக் காப்பாற்றியது. 2012 ஜூலை 30, 31 ஆகிய இரண்டு நாளும் வடக்கு கிரிட் விழுந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழ, அறுபது கோடிப் பேர் வாழும் பகுதி இருண்டது. தனி நுகம் என்பதால் தெற்கு விழாமல் தப்பியது. அன்று கேண்டீன் டிவியில் டெல்லி மெட்ரோ நடுவழியில் நிற்பதைக் காட்டினார்கள். எங்களுக்கும் அப்போது வழக்கமான மின்வெட்டு ஓடிக்கொண்டிருந்ததால் பெருமைப்பட்டுக்கொள்ள நேரமில்லை.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியாகத் தெற்கையும் அதே நுகத்தில் பூட்டினார்கள். எனக்கு உள்ளூர பயம். காஷ்மீரில் ஒரு மாடு தடுக்கினால் கன்னியாகுமரியில் வண்டி சாயுமே? இன்றுவரை அப்படி ஆகவில்லை. கூட்டு பெரிதாகப் பெரிதாக ஆட்டம் குறைகிறது. இப்போது விதிப்படி 49.90-இலிருந்து 50.05-க்குள் இருக்க வேண்டும். ரீடு மீட்டரில் 50-ஆம் பல்தான் வருடம் முழுக்க நடுங்குகிறது. மற்ற பற்களில் தூசி.

அப்புறம் 2020-ஐ ஒட்டி வந்தது புகளூர் லைன். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு ±800 கே.வி. டி.சி., ஏறக்குறைய 1,765 கிலோமீட்டர், 6,000 மெகாவாட். அங்கிருந்து திருச்சூருக்கு ±320 கே.வி.யில் இன்னொரு 2,000 மெகாவாட். ஆடி மாதம் நம்மிடம் காற்று மிஞ்சினால் அதே ராய்கர் லைனில் வடக்கே திருப்பியும் அனுப்பலாம். 2024 மே 2-இல் தமிழ்நாட்டின் உச்ச தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தக் கோடையில் எங்கள் ஜெனரேட்டர் பேட்டரியை வாராவாரம் சார்ஜ் ஏற்றியதுதான் மிச்சம். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதைவிட எவ்வளவோ குறைந்த தேவைக்கே தலைகீழாக நின்றவன் நான். இந்த ஒரு விஷயத்துக்காகவே ஐந்துக்கு ஐந்து போடலாம்.

சர்வீஸ் செய்கிறவர்கள் யார் என்று குழப்பம் வரும். மாநிலங்களுக்கு நடுவே ஓடும் கம்பிகளில் பெரும்பகுதி 1989-இல் தொடங்கிய பவர்கிரிட்டுடையது. எதை எப்போது எவ்வளவு ஓட்டுவது என்று சொல்வது பெங்களூரில் இருக்கும் தென்மண்டல மின்சுமை மையம். முன்பு இரண்டும் ஒரே வீடு. பிறகு இந்த மாதிரி மையங்களை நடத்தும் நிறுவனம் தனிக்குடித்தனம் போய், 2022-இல் கிரிட் இந்தியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. பிரித்தது நல்லது. கம்பிக்காரனே போலீஸ்காரனாக இருந்தால் நன்றாக இருக்காது. மாநிலத்துக்குள் ஓடும் கம்பிகள் மாநிலத் தொடரமைப்புக் கழகத்திடம்.

நாளொன்றை 96 துண்டாக வெட்டுகிறார்கள், துண்டுக்குப் பதினைந்து நிமிடம். ஒவ்வொரு துண்டுக்கும் எந்த நிலையம் எவ்வளவு, எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று முந்தின நாளே அட்டவணை. பெரிய லைனில் ஒரு பிரேக்கரை (பெரிய சுவிட்ச்) திறக்க வேண்டுமென்றால்கூட பெங்களூரிடம் ‘கோட்’ என்ற அனுமதி எண்ணை வாங்கி, நேரத்தோடு எழுதிவைத்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். நம் ஊர் லைன்மேன் கம்பத்தில் ஏறும் முன் ‘எல்.சி.’ (லைன் கிளியர்) வாங்குவதற்குப் பெரியண்ணன் இது. பவர்கிரிட்டின் பல சப்ஸ்டேஷன்களில் இராத்திரி ஆளே இல்லாமல், ஹரியானாவின் மானேசரில் உட்கார்ந்து இயக்குகிறார்கள். கோடிக்கணக்கான ரூபாய் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிற யார்டில் வாட்ச்மேன் மட்டும். எனக்கு அது இன்னும் ஜீரணமாகவில்லை, ஆனால் வேலை நடக்கிறது.

ஒரு சின்ன விஷயம், பிடித்ததால் சொல்கிறேன். கம்பிகளுக்கு மிருகப் பெயர் வைத்திருக்கிறார்கள். 400-க்கு மூஸ், 230-க்கு ஜீப்ரா, 110-க்கு பாந்தர். நடுவில் குந்தா என்று நம் நீலகிரிப் பெயரும் ஒன்று உண்டு. மிருகக்காட்சி சாலைக்குள் ஒரு ஊர்க்காரன் நிற்கிற மாதிரி இருக்கும்.

இவர்களுடைய உண்மையான பரீட்சையை நான் நேரில் பார்த்தது 2020 ஏப்ரல் 5, ஞாயிறு இரவு. ஊரடங்கு. மில் மூடிக் கிடக்கிறது, வாட்ச்மேனும் நானும் மட்டும். ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் நாடே விளக்கணைக்க வேண்டும் என்று அறிவிப்பு. வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே அகல் ஏற்றப் போனார். நான் டார்ச்சோடு பேனல் முன்னால் உட்கார்ந்தேன். சில நிமிடத்தில் முப்பத்தோராயிரம் மெகாவாட் போலச் சுமை காணாமல் போய், பிறகு அதே வேகத்தில் திரும்பி வந்தது. ஓடுகிற லாரியிலிருந்து கால்வாசிச் சரக்கைச் சட்டென்று தள்ளிவிட்டு, மறுபடி தூக்கிப் போட்ட மாதிரி. லாரி குடை சாய வேண்டும். சாயவில்லை. நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே ஏற்றிவைத்திருந்து, சரியான நொடியில் பதினேழாயிரத்துக்கும் மேல் இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். நாடு முழுக்க ஃப்ரீக்வென்சி 49.70-க்கும் 50.26-க்கும் நடுவிலேயே நின்றது. என் கண் முன்னால் 50-ஆம் பல்லின் நடுக்கம் கொஞ்சம் பக்கத்துப் பல்லுக்கும் பரவி, திரும்பி வந்து உட்கார்ந்தது. கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டினேன். வாட்ச்மேன், “அது போன மாசமுங்க, இன்னைக்கு விளக்கு மட்டுந்தான்” என்றார்.

குறைகளுக்கு வருகிறேன். காற்று சீசனில் எங்கள் காற்றாலைகள் நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும்: “மெஷினை நிறுத்துங்க.” ஏன், எவ்வளவு நேரம் என்று கேட்டால் பதில் இருக்காது. எந்தக் கண்ட்ரோல் ரூம் என்பது இங்கே வேண்டாம். கயத்தாறிலும் தப்பகுண்டுவிலும் 400 கே.வி. சப்ஸ்டேஷன்கள் வந்தபிறகு அந்தப் போன் ரொம்பவே குறைந்துவிட்டது. மாநிலம் விட்டு மாநிலம் வாங்கும் நூறு யூனிட்டில் மூன்று நாலு வழியிலேயே போய்விடுகிறது. இவ்வளவு தூரத்துக்கு அது நியாயமான சேதாரம்தான், நகைக்கடையைவிடக் குறைவு.

பெரிய குறை வேறு. அது மில்லுக்குள் நின்றால் தெரியாது. காங்கயம் பக்கம் எங்கள் சித்தப்பாவின் தென்னந்தோப்பில் ஒரு டவர் நிற்கிறது. யாருடைய லைன் என்று எழுதப் போவதில்லை. இந்த வேலைக்கு நிலத்தை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், 1885-ஆம் வருடத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தில் டவர் வந்து நிற்கும். 400 கே.வி. லைனுக்கு 46 மீட்டர் அகலம், ±800-க்கு 69 மீட்டர். 69 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் போனால் பதினேழு ஏக்கர். அதற்குள் தென்னை வளர்க்க முடியாது, வீடு கட்ட முடியாது, விற்கப் போனால் கேட்கிறவன் முதலில் வானத்தைத்தான் பார்ப்பான்.

2015-இல் மத்திய மின்துறை ஒரு வழிகாட்டுதல் தந்தது. டவரின் நாலு கால் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே அதிகபட்சம் 15. அதுவும் பத்தாது என்று 2018 டிசம்பரில் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் நாள்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். சாலையோரமாகக் கேபிள் புதையுங்கள் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. அது நடக்காத காரியம் என்று சொல்லவும் முடியாது. அதே திருச்சூர் லைன் கேரளத்துக்குள் ஒரு பகுதி நிலத்தடியில்தான் போகிறது. 2024 ஜூனில்தான் டவர் இடத்துக்கு 200 சதவீதம், கம்பிக்குக் கீழே 30 என்று மாற்றினார்கள். சித்தப்பாவின் டவர் அதற்குப் பல வருடம் முன்பே நின்றுவிட்டது.

ஆகவே என் மார்க் இப்படி. ஃப்ரீக்வென்சிக்கு ஐந்து. டெலிவரிக்கு 2012 வரை ஒன்று, இப்போது ஐந்து. நெருக்கடியில் கையாண்ட விதத்துக்கு ஆறு இருந்தால் ஆறு. வழியில் இருக்கும் மனிதர்களிடம் நடந்துகொள்வதற்கு ஒன்றரை, அந்த அரை 2024-க்காக.

போன மாதம் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது இதைச் சொன்னேன். அவர் பாளையை வெட்டிக்கொண்டே கேட்டார். கம்பிக்குக் கிட்டே வளர்ந்துவிட்டது என்று அந்த வாரம்தான் ஐந்து பேர் வந்து ஏழு மரத்தைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். போன தடவை வெட்டிய மரத்துக்குக் காசு வர பதினோரு மாதம்.

“நீ எழுதறது இருக்கட்டுங் கண்ணு. அவங்க எனக்கு மார்க் போட்டுட்டே போயிட்டாங்க” என்றார்.

“என்னங்க சித்தப்பா?”

“சாஞ்ச மரத்துல ஆளுக்கு ரெண்டு எளநி குடிச்சாங்க. ‘தண்ணி நல்லா இருக்குதுங்க, அடுத்த வருசமும் வர்றோம்’னு சொல்லிட்டுப் போனாங்க.”