கமுகந்தோட்டத்துக்கு வாங்கிய பைனாகுலர்

குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கமுகந்தோட்டம் இருக்கிறது. அதில் பறக்கும் ஓணான் உண்டு என்பது சிறுவயதிலேயே தெரியும். ஆனால் சருகு சறுக்குவதுபோல ஏதோ ஒன்று மரம் விட்டு மரம் போகும், அவ்வளவுதான். போய் ஒட்டிக்கொண்டபின் பட்டை எது, ஓணான் எது என்று கண் பிரிக்காது. இதற்காகவே நாகர்கோவிலில் ஒரு 8×42 பைனாகுலர் வாங்கினேன். விலை 9,400 ரூபாய்.

பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவதைத்தான் கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தார். அதில் என் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரிந்தது. எட்டே போதும். 42 மில்லிமீட்டர் அகல முன்கண்ணாடி, தோட்டத்து நிழலிலும் வெளிச்சமாகக் காட்டுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும். கடையிலேயே இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒரு விலைச்சீட்டைப் படித்துப் பாருங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட வேண்டும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

காலை ஒன்பது மணிக்கு வெயில் கமுகுத் தடியில் விழும்போது ஆண் ஓணான் தொண்டைக்குக் கீழே மஞ்சள் தோலை நீட்டி நீட்டி மடக்குகிறது. நீண்ட விலா எலும்புகள் தாங்கும் சிறகுத்தோல் அப்போது விலாவோடு ஒட்டிக் கிடக்கிறது. தடியில் ஏறிவரும் எறும்புகளை இருந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாக நக்கி எடுக்கிறது. உடல் ஒரு விரல் அளவுதான், வால்தான் நீளம். டிராகோ என்ற இந்தப் பேரினத்தில் பெரும்பாலானவை தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழ்கின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது இது ஒன்றுதான். அது என் வேலிக்குள் இருக்கிறது!

குறையும் உண்டு. தண்ணீர் புகாது என்று சொல்லி விற்றார்கள். ஆடிச் சாரலில் உள்கண்ணாடி பனி படர்ந்ததுபோல மங்கிவிட்டது. சரிசெய்து கிடைக்க மூன்று வாரம் ஆனது, எனக்கு மிகுந்த வருத்தம். கூட வந்த வாரும் கழுத்தை அறுத்தது; அகலமான துணி வார் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் திரும்பி வந்த மறுநாளே ஒரு பெண் ஓணான் தரையில் இறங்கி, முட்டையிட மூக்கால் மண்ணைக் குடைவதைப் பார்த்தேன். மூக்கின் நுனியில் ஒட்டியிருந்த ஈரமண் வரை தெரிந்தது. கை வலித்தும் கண்ணை எடுக்கவில்லை. அந்த மரத்தடியில் இப்போதைக்கு யாரையும் மண்வெட்டி போட விடவில்லை.