ஒரே அத்தியாயம், இரண்டு புத்தகங்கள்: ஸ்டார் ட்ரெக் காமிக்ஸ்

விண்வெளிப் பயணக் கதைகளைச் சொல்லும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் முதல் தொடர் 1966 செப்டம்பரில் தொடங்கி, 79 அத்தியாயங்களோடு 1969இல் நின்றுவிட்டது. அதன் காமிக்ஸோ 1967இல் தொடங்கி, பதிப்பகம் மாறி மாறி இன்றும் வந்துகொண்டிருக்கிறது. கோல்ட் கீ, மார்வெல், டிசி, ஐடிடபிள்யூ என்று உரிமை கைமாறிய இந்த நெடிய வரிசையில் பெரும்பாலானவை புதிதாகப் புனைந்த கதைகள். திரையில் வந்த அத்தியாயத்தையே எடுத்துச் சித்திரக்கதையாக்கியவை குறைவு. தொடரின் ரசிகர்கள் முதலில் தேடுவதும் அவற்றைத்தான், அதிகம் ஏமாறுவதும் அவற்றில்தான் என்பதால், எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்று சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக ஒரே அத்தியாயம் இரண்டு முறை புத்தகமாகியிருக்கிறது. 1967 ஏப்ரல் 6 அன்று ஒளிபரப்பான ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ தொடரின் மிகச் சிறந்த அத்தியாயம் என்று பலராலும் கொண்டாடப்படுவது. தவறுதலாகத் தன் உடலில் ஏறிவிட்ட மருந்தால் சித்தம் கலங்கும் மருத்துவர் மெக்காய், காலவாயில் ஒன்றின் வழியே 1930ஆம் ஆண்டு நியூயார்க்குக்குள் பாய்ந்துவிட, வரலாறே மாறிப்போகிறது. அதைச் சரிசெய்யப் பின்தொடரும், என்டர்பிரைஸ் விண்கலத்தின் கேப்டன் கிர்க், அங்கே தான் காதலிக்கத் தொடங்கிவிட்ட ஈடித் கீலர் இறந்தே தீர வேண்டும் என்று தெரிந்துகொள்கிறார்.

முதல் புத்தகம் 1977இல் பேண்டம் பதிப்பகம் தொடங்கிய ஃபோட்டோநாவல் வரிசையின் முதல் நூல். படச்சுருளிலிருந்து வண்ணப் படங்களை எடுத்துக் கட்டங்களில் அடுக்கி, மேலே வசன பலூன்களை ஒட்டி, இவ்வாறு 12 நூல்களை வெளியிட்டார்கள். நினைத்த அத்தியாயத்தை நினைத்த நேரத்தில் வீட்டில் போட்டுப் பார்க்கும் வசதி பரவாத காலத்தில் இந்த நூல்கள் எவ்வளவு பெரிய கொடையாக இருந்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காமிக்ஸாக இது நிற்கவில்லை. தொலைக்காட்சியில் ஈடித்தின் விபத்தை நாம் கண்ணால் அறிவதைவிடக் காதால்தான் அறிகிறோம். வண்டியின் பிரேக் கிறீச்சிடுகிறது, ஓர் அலறல் கேட்கிறது, மெக்காயை இறுக்கிப் பிடித்தபடி நிற்கும் கிர்க்கின் முகம் தெரிகிறது, அவ்வளவுதான். ஒலியை நம்பி எடுத்த அந்தக் காட்சியை அப்படியே தாளில் வைத்தால், இருவர் கட்டிப்பிடித்து நிற்கும் படம் மட்டுமே மிஞ்சுகிறது. ஓடும் படத்திலிருந்து பிடுங்கிய ஒரு கணம் இரண்டு அசைவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கணமாகத்தான் இருக்கும். நல்ல காமிக்ஸ் ஓவியர் வரையும் கட்டத்திலோ முந்தைய அசைவும் அடுத்த அசைவும் சேர்ந்தே இருக்கும்.

இரண்டாவது புத்தகத்தைத்தான் நான் மனதார சிபாரிசு செய்கிறேன். இந்த அத்தியாயத்துக்கு ஹார்லன் எலிசன் எழுதிய மூலத் திரைக்கதை வேறு. படமாக்கும் செலவையும் தொடரின் இயல்பையும் காரணம் காட்டி, தயாரிப்புக் குழுவில் பலர் கைவைத்துத் திருத்திய பிறகே அது திரைக்கு வந்தது. ஒளிபரப்பான வடிவம் 1968இல் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது பெற்றது. எலிசனின் மூலப் படிக்கு அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விருது கிடைத்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு எழுத்தாகவே இருந்த அந்த மூலத்தை, எலிசனின் ஒப்புதலோடு ஸ்காட் டிப்டனும் டேவிட் டிப்டனும் காமிக்ஸாக அமைக்க, ஜே.கே. வுட்வர்ட் முழுக்க வண்ண ஓவியங்களாகத் தீட்ட, ஐடிடபிள்யூ 2014இல் ஐந்து இதழ்களாக வெளியிட்டது. பின்னர் அவை ஒரே தொகுப்பாகவும் வந்தன.

மூலக் கதையில் காலத்துக்குள் தப்பி ஓடுபவர் மெக்காய் அல்லர். சக ஊழியர்களிடம் போதைப்பொருள் விற்று, அதை மறைக்க ஒரு கொலையும் செய்துவிட்ட பெக்வித் என்னும் அதிகாரி. காலத்தைக் காப்பவர்கள், திரையில் பார்த்ததுபோல் பேசும் கல்வளையமாக இல்லாமல், மனித அளவை மீறிய உயரத்தில் நிற்கும் முதியவர்களாக வருகிறார்கள். வரலாறு மாறியதும் என்டர்பிரைஸ் இருந்த இடத்தில் கொள்ளையர் கலம் ஒன்று முளைக்கிறது. அதற்குள், கிர்க்கின் உதவியாளரான யோமன் ராண்ட், ஆட்களை நொடியில் கலத்துக்கும் வெளிக்கும் அனுப்பும் இடப்பெயர்ச்சி அறையைத் துணிவோடு பிடித்து நிற்கிறார். ராண்டாக நடித்தவர் முதல் பருவத்தின் நடுவிலேயே தொடரிலிருந்து நீக்கப்பட்டதால், ஒளிபரப்பான வடிவத்தில் அவர் இல்லவே இல்லை. அவருக்கு இங்கே கிடைத்திருக்கும் பக்கங்கள் எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரும் நிறைவைத் தந்தன.

ஆனால் இந்தப் புத்தகத்தின் உயிர் ட்ரூப்பர் என்ற பாத்திரத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரில் கால்களை இழந்து, சக்கரம் பொருத்திய பலகையில் நியூயார்க் தெருவில் நகர்ந்து திரியும் இந்த மனிதர், கிர்க்குக்கு உதவப் போய் உயிரை விடுகிறார். அவருடைய சாவால் காலத்தின் போக்கில் ஓர் அணுவும் மாறவில்லை. ஒரு பெண் இறக்காவிட்டால் உலகமே மாறும். இந்த மனிதர் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான் என்கிற கணக்கு கிர்க்கைக் கடைசிவரை அரிக்கிறது. தொலைக்காட்சி வடிவத்தில் இவர் விடுபட்டுப்போனதால் கதை எவ்வளவு மெலிந்தது என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தெருவின் மங்கலான பழுப்பு நிறமும் காலக் காவலர்களின் வெளிறிய உயரமும் அடுத்தடுத்த பக்கங்களில் வரும்போது, வேகமாகப் புரட்ட மனம் வருவதில்லை.

குறைகளும் உண்டு. வுட்வர்ட் நடிகர்களின் முகச்சாயலுக்கு அளவுக்கு மீறி விசுவாசமாக இருக்கிறார். துணை அதிகாரி ஸ்பாக்கும் கிர்க்கும் பேசும் கட்டங்களில் அந்த விசுவாசம் பயன்படுகிறது. சண்டைக் கட்டங்களிலோ, புகைப்படத்துக்கு நிற்பவர்களைப் போல உடல்கள் விறைத்துவிடுகின்றன. எலிசனின் வசனத்தை விட மனமில்லாமல் சில இடங்களில் பலூன்களைப் பெருக்கியிருக்கிறார்கள். ஓவியம் மூச்சுவிடச் சிரமப்படுகிறது. சொற்களைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தை ஓவியருக்குக் கொடுத்திருக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோல்ட் கீயின் 61 இதழ்கள், 1967 முதல் 1979 வரை வந்தவை, அத்தியாயங்களைத் தழுவியவை அல்ல. ஆரம்ப இதழ்களில் என்டர்பிரைஸ் ராக்கெட்டைப் போல நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கிறது. முதல் இதழிலேயே ஒரு கிரகத்தின் தாவரங்கள் முழுவதையும் நம் நாயகர்கள் எரித்து அழித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். தொடரின் அறத்தை அறிந்த எவருக்கும் இது அதிர்ச்சியாக இருக்கும். இருந்தாலும் இத்தாலிய ஓவியர் ஆல்பர்ட்டோ ஜியோலிட்டியின் கோடுகளுக்காக ஒரு தொகுப்பையாவது வாங்கலாம். அவர் வரையும் அன்னிய நிலப்பரப்புகள் தொடரின் அட்டைப் பாறைகளைவிட எவ்வளவோ மேலானவை.

2011இல் ஐடிடபிள்யூ தொடங்கிய 60 இதழ் வரிசையின் ஆரம்பத்தில், புதிய திரைப்படங்களின் முகங்களை வைத்துப் பழைய அத்தியாயங்களை மைக் ஜான்சன் மீண்டும் சொன்னார். ‘வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்’ இரண்டே இதழ்களில் முடிகிறது. நண்பன் கண்முன்னே தெய்வமாகவும் பேயாகவும் மாறுவதைக் காட்டும் கதைக்கு இந்த அவசரம் ஆகாது. நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மாறாக, 2014 முதல் 2018 வரை ஜான் பைர்ன் ‘நியூ விஷன்ஸ்’ என்ற பெயரில் பழைய தொடரின் படங்களை வெட்டி, ஒட்டி, புதுப் பின்னணியில் பொருத்திப் புதுக்கதைகளாகச் செய்தது ஃபோட்டோநாவலின் முறையை ஒரு காமிக்ஸ் கலைஞரின் கண்ணோடு கையாண்ட நல்ல முயற்சி. அங்கேயும் முகங்கள் உறைந்தவைதாம்; ஆனால் கட்டங்களின் ஓட்டம் தெரிந்தவர் அடுக்கியதால் கதை நகர்கிறது.

ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் 2014ஆம் ஆண்டுப் புத்தகத்தை வாங்குங்கள். அதற்கு முன் அந்த அத்தியாயத்தை ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம். திரையில் கிர்க் தன் கையாலேயே மெக்காயைத் தடுத்து, ஈடித்தைச் சாகவிடுகிறார். எலிசனின் கதையிலோ கிர்க்கால் அசையவே முடிவதில்லை, ஓடிப்போய்க் காப்பாற்ற முயலும் கொலைகாரன் பெக்வித்தை ஸ்பாக்தான் தடுக்கிறார். திரையில் மெக்காயைத் தடுத்த கிர்க்கின் கை நினைவில் பசுமையாக இருக்கும்போது ஐந்தாவது இதழின் இறுதிப் பக்கங்களைத் திறந்தால், கிர்க்கின் அறையில் ஸ்பாக் அவரிடம் ஏன் அவ்வளவு மென்மையாகப் பேசுகிறார் என்பது புரியும்.