ரேடார் பெட்டி சரி, அதன் அறிக்கைதான் வம்பு

ஊர்ப்புற இருவழிச் சாலைகளில் வண்டிகளின் வேகத்தை அளந்து, வளைவின் ஆரத்தை வைத்து அதைக் கணிக்கும் மாடல் போடுவது என் வேலை. அதற்காகக் கம்பத்தில் கட்டும் ரேடார் பெட்டிகள் இரண்டை இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தேன்.

முதல் நிம்மதி, கையில் ரேடார் கன்னோடு சாலையோரம் நிற்க வேண்டியதில்லை. ஆளைக் கண்டதுமே ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போய்விடும், அந்த அளவு எதற்கும் உதவாது. இந்தச் சாம்பல் நிறப் பெட்டியை யாரும் சட்டை செய்யவில்லை. பேட்டரியும் தாக்குப்பிடித்தது.

கட்டும் பட்டிதான் மட்டம். சாலைக்கு 20 டிகிரி கோணத்தில் கட்டி, அதே எண்ணைப் பெட்டியிலும் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் காற்றில் திரும்பி 25 டிகிரியில் நிற்கிறது. ரேடார் தன் திசையில் வரும் வேகப் பங்கை மட்டும் அளந்து, நாம் கொடுத்த கோணத்தின் கொசைனால் வகுத்துத்தான் வண்டியின் வேகத்தைச் சொல்லும். அந்தக் கணக்குப்படி, 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி இப்போது 77 என்றுதான் பதிவாகும். நான் தேடும் வித்தியாசமே சில கி.மீ.தான்; மூன்று நாள் தரவையும் தூக்கி எறிந்தேன்.

பெரிய மனக்குறை மென்பொருள் மேல். திறந்ததும் 85ஆவது சதமானத்தைக் கொட்டை எழுத்தில் காட்டுகிறது: நூற்றுக்கு 85 வண்டிகள் அந்த வேகத்தையோ அதற்குக் குறைவாகவோ போகின்றன. ஆனால் ஒரு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்துவந்த ஏழு வண்டிகளும் அதில் சேர்த்தி! அவை டிராக்டரின் வேகத்தைச் சொல்லும், வளைவைப் பற்றி மூச்சு விடாது. முன் வண்டியிலிருந்து 5 வினாடியாவது தள்ளி வருபவற்றை மட்டும் பிரித்தெடுக்க இதில் வழியே இல்லை. வண்டிக்கு ஒரு வரியாகத் தரும் கோப்பு மூன்று மெனுவுக்கு அடியில் பதுங்கியிருந்தது. அது கிடைத்தபிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

ஒரு பெட்டி நேர்ப்பாதையில், இன்னொன்று வளைவின் நடுவில். இரண்டு இடத்து 85ஆவது சதமானங்களைக் கழித்துவிட்டு வேகக் குறைவு இவ்வளவு என்று எழுதுபவர்கள் உண்டு. நேர்ப்பாதையில் பறந்து வந்தவரே வளைவிலும் முதல் வரிசையில் இருப்பார் என்று யார் சொன்னது? அதே வண்டியை இரண்டு கோப்பிலும் பொருத்திப் பார்த்தால், பிரேக்கை அழுத்தி மிதிப்பவர்களின் குறைவு அந்தக் கழித்தல் காட்டுவதைவிடக் கூடுதலாக இருக்கிறது. பொருத்துவதற்குக் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டுமே! இவை ஒரே வாரத்தில் 4 வினாடி விலகிவிட்டன. நீளமான லாரிகளை அடையாளம் வைத்து ஒருவழியாகச் சரிக்கட்டினேன்.

திரும்ப எடுப்பேனா? எடுப்பேன். பட்டியை அவர்களிடமே விட்டுவிட்டு, என் இரும்புக் கிளாம்பைக் கொண்டுபோவேன்.