முகூர்த்த மாதமும் அட்வான்ஸ் டாக்ஸும்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தது

மதுரையில் கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிற தொழில் எனக்கு. தை, மாசி, வைகாசி, ஆவணி என்றால் ஒரே காலையில் ஒரு டீம் திருப்பரங்குன்றம் கோயிலில் நிற்கும், இன்னொரு டீம் பைபாஸ் ரோட்டு மண்டபத்தில் நிற்கும். ஆடியிலும் மார்கழியிலும் கேமரா பையை விட்டு வெளியே வராது. பணமும் அப்படித்தான், அதிலும் மூன்று துண்டாக வரும்: புக்கிங்கில் கொஞ்சம், கல்யாணத்தன்று கொஞ்சம், ஆல்பம் கொடுக்கும்போது மிச்சம். "மொய்யை எண்ணி முடிச்சிட்டுத் தந்துர்றேன் தம்பி" என்று பெண்ணின் அப்பா சொன்னால் சரி என்றுதான் சொல்ல முடியும். வருமான வரிக்கு அப்படிச் சொல்ல முடியாது.

TDS (நமக்குப் பணம் தருபவர் முன்பே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) போக வருடத்துக்குக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயைத் தொட்டால் அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது வருடம் முடியும் முன்பே தவணையாக வரி, கட்ட வேண்டும். ஜூன் 15-க்குள் 15%, செப்டம்பர் 15-க்குள் 45%, டிசம்பர் 15-க்குள் 75%, மார்ச் 15-க்குள் முழுவதும். இந்த நாலு தேதியையும் தினசரிக் காலண்டரில் புரட்டிப் பாருங்கள். வைகாசி முடிந்து ஆனி பிறக்கிற சமயம், ஆவணியின் கடைசி, கார்த்திகையின் கடைசி, மாசி முடிந்து பங்குனி பிறக்கிற சமயம். நாலுமே முகூர்த்த மாதம் முடிகிற இடம், அதாவது நம் கையில் காசு இருக்கிற நேரம். செப்டம்பர் தவணையை விட்டால் புரட்டாசி, டிசம்பர் தவணையை விட்டால் மார்கழி. இதைக் கவனித்த பிறகு எனக்குத் தேதி மறப்பதே இல்லை, கடைசி முகூர்த்தம் முடிந்தது என்றால் அடுத்த வேலை வரிதான்.

பிரிசம்ப்டிவ் முறையில் (வரவில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாக வைத்து) கணக்குக் காட்டுபவர்கள் மார்ச் 15-க்குள் மொத்தமாகக் கட்டினாலே போதும், சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. (அதில் சொல்லும் 6%, 8% குறைந்தபட்சம் மட்டுமே, நிஜ லாபம் அதிகம் என்றால் நிஜத்தைத்தான் காட்ட வேண்டும்.) நானும் அந்த முறைதான், இருந்தும் நாலாகப் பிரித்தே கட்டுகிறேன். ஏனென்றால் மாசியில் வருகிற காசு லென்ஸுக்கும் ஆல்பம் பிரின்டிங் பாக்கிக்கும் போய்விடும், அந்த மாதத்தில் மொத்த வரியையும் தேடுவது பெரிய பாடு.

எவ்வளவு ஒதுக்குவது என்பதுதான் பலருக்கும் குழப்பம். நான் செய்வது இதுதான்: போன வருடம் கட்டிய மொத்த வரியை அந்த வருட மொத்த வரவால் வகுத்து, அந்த சதவீதத்தை ஒவ்வொரு முறை பணம் ஏறும்போதும் அன்றைக்கே வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுவேன். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு கிடையாது, ஜிபேயிலும் சேர்க்கவில்லை. உதாரணத்துக்கு, வரவு 32 லட்சம், லாபம் 16 லட்சம் என்று வையுங்கள். 2025-26 புதிய வரி முறையில் வரி 1,20,000, செஸ் என்கிற கூடுதல் வரியோடு 1,24,800. வரவில் 4% கூட வராது. ஒவ்வொரு ஆயிரத்திலும் நாற்பது ரூபாய் தள்ளி வைப்பது பாரமே இல்லை, மார்ச்சில் ஒன்றேகால் லட்சம் புரட்டுவது பாரம். பிரிசம்ப்டிவ் இல்லாதவர் இதே தொகையை மார்ச் 15 வரை இழுத்தால் மூன்று தவணைக்கும் சேர்த்து வட்டி மட்டும் ஐயாயிரம் ரூபாய் வரும். லாபம் 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு 2025-26-லிருந்து புதிய முறையில் தொழில் வருமானத்துக்கு வரியே வராது, அவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, ரிட்டர்ன் மட்டும் போட்டால் போதும்.

கட்டுவது சுலபம். வருமான வரித் தளத்தில் இ-பே டாக்ஸ், பான் எண், போனுக்கு ஓடிபி, அப்புறம் அட்வான்ஸ் டாக்ஸ் 100 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் (300 என்பது வேறு, அது வருடம் முடிந்த பிறகு கட்டுவது). பீ.பி.குளம் வருமான வரி ஆபீஸ் பக்கம் போக வேண்டியதே இல்லை. 14, 15 தேதிகளில் தளம் மெதுவாகிவிடும், 10-ஆம் தேதியே முடித்துவிடுவது நல்லது.

வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி வேறு. காலாண்டு ரிட்டர்ன் எடுத்தவர்கள் முதல் இரண்டு மாதத்துக்கும் அடுத்தடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். அதில் ரெடிமேடாக வருவது, முந்தைய காலாண்டில் பணமாகக் கட்டியதில் 35%. நம் தொழிலுக்கு இது ஜூலை மாதக் கணக்கில் இடிக்கும், வைகாசி வரவை வைத்து ஆடி மாதத்துக்குக் கணக்குப் போடும். அந்தக் காலாண்டில் மட்டும் நிஜ பில்லை வைத்துக் கணக்கிடுகிற வழியை எடுங்கள், ஆடிட்டரிடம் முன்பே சொல்லி வைத்தால் போதும்.

கம்பெனி விழாக்களுக்குப் போகிறவர்கள் 26AS-ஐ (நம் பான் எண்ணில் கட்டப்பட்ட TDS விவரம் வருகிற படிவம்) கட்டாயம் பார்க்கவும். ஒரு ஈவென்ட் கம்பெனி என் பில்லில் TDS பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமலே வைத்திருந்தது, 26AS-இல் வராததைக் காட்டிக் கேட்ட பிறகுதான் கட்டினார்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான TDS கணக்கை அவர்கள் கொடுக்கக் கடைசித் தேதி மே 31. அதனால் ஜூன் தவணை கட்ட உட்காரும்போதே இதையும் பார்த்துவிடலாம், ரிட்டர்ன் போடுவதற்குள் துரத்திப் பிடிக்க அவகாசம் இருக்கும்.