மைண்ட்ஃபுல் ஈட்டிங்: குன்னூர் குளிரில் என் நீண்ட நாள் அனுபவம்

மைண்ட்ஃபுல் ஈட்டிங் என்றால் ருசியையும் பசியையும் கவனித்துச் சாப்பிடுவது. எடை குறையணும் என்று இந்த முறையைத் தேடுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிலோ கணக்கில் பார்த்தால் இது மந்தம்தான். மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ டயட்டில் எனக்குச் சட்டென்று இறங்கியது. அதெல்லாம் வட்டியோடு திரும்பியும் வந்தது. இதில் இறங்கியது கொஞ்சம்தான், ஆனால் இரண்டு வருஷத்துக்கு மேலாக ஏறவில்லை. "திங்கட்கிழமையிலிருந்து கன்ட்ரோல்" என்ற பேச்சும் வீட்டில் நின்றுபோனது.

எனக்குக் கண் திறந்தது தியானத்தால் அல்ல, ஒரு பழைய ஆராய்ச்சியால். 1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தார். தினம் சுமார் 1,600 கலோரி. (நமக்கு எழுதித் தருகிற டயட் சார்ட் பல சமயம் இதற்கும் கீழே!) நாள் முழுக்க அவர்களுக்குச் சாப்பாட்டு நினைப்புதான். சிலர் சமையல் புத்தகமாக வாங்கிச் சேர்த்தார்கள். சோதனை முடிந்து வேண்டிய அளவு கிடைத்த பிறகும், வயிறு முட்டியும் பலருக்குப் பசி அடங்கவில்லை. இதைப் படித்ததும், எனக்கு மன உறுதி இல்லை என்று வீட்டில் சொன்னதை நம்புவதை விட்டேன்.

1975ல் இன்னொரு சோதனை. டயட்டில் இருப்பவர்களில் சிலருக்கு மட்டும் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வைத்தார்கள். மில்க் ஷேக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிட அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். 'போனதுதான் போச்சு' மனநிலை!

அதனால் நான் முதலில் செய்தது, மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டது. நாலு மணிக்கு டீயோடு ஏதாவது ஒன்று. எதற்கும் தடை இல்லை. பட்டினி வயிற்றோடு 'கவனித்து' சாப்பிடச் சொல்வது வெறும் பேச்சு.

எனக்குக் கண்டம் வர்க்கிதான், நீலகிரி பேக்கரிகளில் கிடைக்கும் அடுக்கடுக்கான மொறுமொறு பிஸ்கட். ஐப்பசி மழையில் குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் பேக்கரி வாசனை வந்தால் ஒரு பாக்கெட் காலியாகும், எப்போது தின்றேன் என்றே தெரியாது. மைண்ட்ஃபுல்னெஸ் தியானத்தைப் பரப்பிய ஜான் கபட்-ஜின் தன் பயிற்சியில் ஒரே ஒரு உலர் திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மெல்லச் சொல்வார். அதை நான் வர்க்கியில் செய்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தட்டில் மூன்று மட்டும். முதல் கடியில் மேல் அடுக்கு நொறுங்குவது, உள்ளே லேசான இனிப்பு, டீயில் நனைந்த பக்கம் கரைவது எல்லாம் அருமை. இரண்டாவதின் பாதியில் மேலண்ணத்தில் டால்டா ஒட்டுவது தெரிந்தது. மூன்றாவதில் ருசியே இல்லை, கை மட்டும் போகிறது. இத்தனை வருஷம் தின்ற வர்க்கியில் இது தெரியாமல் போயிருக்கிறது.

முழுச் சாப்பாட்டையும் இப்படிச் சாப்பிடச் சொல்வார்கள். காலையில் பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றுகிற வீட்டில் அது நடக்காது. முதல் மூன்று கவளமும், பாதித் தட்டில் ஒரு நிறுத்தமும் எனக்குப் போதுமாக இருந்தது.

ராத்திரி ஒன்பது மணி ஆசைக்கு உதவியது, ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் போதைப் பழக்கத்துக்காகச் சொல்லிக்கொடுத்த முறை. ஆசையோடு சண்டை போடாமல், அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. எனக்குத் தொண்டையிலும் தாடையிலும். ஏறும், உச்சத்துக்குப் போகும், இறங்கும். பாதி நாள் அது பசியே இல்லை, குளிரும் சலிப்பும்தான்; ஸ்வெட்டரும் வெந்நீரும் போதும். உண்மையான பசி என்றால் எழுந்து ஒரு தோசை ஊற்றிக்கொள்வேன்.

பிடிக்காதவையும் உண்டு. கட்டணம் கட்டிய ஒரு ஆப்பில் குரலும் உதாரணமும் நம் சாப்பாட்டுக்கு ஒட்டவே இல்லை. விசேஷ வீட்டுப் பந்தியில் இந்த முறை எடுபடாது. அத்தை "இன்னும் ஒரு கரண்டி வைம்மா" என்று நிற்கும்போது என்னத்தைக் கவனிப்பது!

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றவேண்டாம். கட்டுப்பாடே இல்லாமல் தின்றுவிட்டு வாந்தி எடுப்பது, ஒளித்துத் தின்பது என்று போனால் இது மட்டும் போதாது. அதற்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றுவது, CBT) இருக்கிறது, மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.