கால்மாட்டுக் கூண்டு: எரியும் பாதங்களுக்கு 1,850 ரூபாய்

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அதுதான் வழக்கம். 1,850 ரூபாய், வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் செலவையும் சேர்த்து. படுக்கையின் கால்மாட்டில் பொருத்தும் ஓர் இரும்புக் குழாய்ச் சட்டம். போர்வை பாதத்தின் மேல் விழாமல் தூக்கிப் பிடிக்கும். வேறு எந்த வேலையும் அதற்குக் கிடையாது. ஆஸ்பத்திரிகளில் தீக்காயம் பட்டவர்களுக்கு வைப்பார்களே, அதேதான். சர்ஜிகல் கடையில் ‘பெட் கிரேடில்’ என்று கேட்டால்தான் புரிந்துகொள்கிறார்கள். கட்டிலின் கால்மாட்டில் கூண்டு வண்டியை அவிழ்த்துவிட்டதுபோல் இருக்கிறது என்று என் மனைவி சொன்ன நாள்முதல் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கூண்டு.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் உங்கள் மெத்தை எது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். விற்பவர் அதைச் சொல்வதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பஸ்ஸில் நின்றே காலம் கழித்தவனுக்குக் கால்வலி புதிதில்லை. இது அந்த வலி இல்லை. விரல் நுனியில் மதமதப்பாகத் தொடங்கியது. பிறகு எறும்பு ஊர்வதுபோல ஓர் உணர்வு, அப்புறம் எரிச்சல், நடுநடுவே சுரீரென்று ஒரு குத்து. சர்க்கரை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். முதுகின் அடியிலிருந்து கால்விரல்வரை போகும் நரம்புகள்தான் உடம்பிலேயே நீளமானவை. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்காகக் கூடியே இருந்தால் நரம்பும் கெடும், நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கெடும். கடைக்கோடியில் இருப்பது முதலில் அடிவாங்கும். அதனால்தான் இரண்டு பாதங்களிலும் ஒன்றுபோல் தொடங்கி, காலுறை ஏறும் அளவுக்கு மேலே ஏறுகிறது.

அவர் செய்த பரிசோதனைதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, அது வளையும்வரை அழுத்தினார். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் இழையாம். கண்ணை மூடிக்கொண்டிருந்த எனக்குப் பெருவிரலின் அடியில் அது பட்டதே தெரியவில்லை. அதே பெருவிரலின் மேல் இரவில் போர்வையின் ஓரம் உரசினால் உயிர் போகிறது. முள் குத்தினால் தெரியாத கால், பருத்தித் துணி பட்டால் துடிக்கிறது. கெட்டுப்போன நரம்பு மெல்லிய தொடுதலையும் வலி என்றே மூளைக்குச் சொல்லி அனுப்பும், இது இந்த நோயில் சகஜம் என்றார் மருத்துவர். வலிக்கிறது என்பதால் உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் கூண்டை எடைபோட வேண்டும்.

சரி, போர்வையே வேண்டாம் என்று படுத்தால் என்ன? எங்கள் மதுரையில் சித்திரை வெயிலுக்கு யாரும் போர்த்திப் படுப்பதில்லைதான். ஆனால் கொசு இருக்கிறதே. கொசுவலை கட்டினால் அதன் ஓரம் கால்மாட்டில் சரிந்து பாதத்தில் விழுகிறது, போர்வையைவிடச் சொரசொரப்பு. மார்கழி வந்தால் பாதம் வெளியே இருக்க முடியாது. மின்விசிறிக் காற்று நேராக விரலில் அடிப்பதே எனக்கு ஆகவில்லை.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். மாத்திரை எடுத்துக்கொள்கிறேன், இரவில் பிரிகாபாலின். எரிச்சல் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. மிளகாயின் காரச்சத்தில் செய்த களிம்பு, 0.075 சதவீதம், தடவிய புதிதில் எரிச்சலைக் கூட்டும், பழகப் பழகக் குறைக்கும் என்கிறார்கள். தடவிய கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் கண் பக்கம் கொண்டுபோக வேண்டும். எனக்கு அது பாதிப் பலன். நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் நரம்பைக் கெடுக்கும்; அதையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். வெந்நீர்ப் பை மட்டும் வேண்டவே வேண்டாம். சூடு தெரியாத பாதத்தில் அதை வைத்துக்கொண்டு தூங்கினால் காலையில் கொப்புளம்தான் மிஞ்சும். பொருட்காட்சிகளில் விற்கும் அதிரும் மிதிபலகைகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவற்றை விற்பவர்களே என்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள்.

இனி கூண்டு.

அட்டைப் பெட்டியில் இரண்டு துண்டுகளாக வருகிறது. கீழ்த்துண்டு மெத்தைக்கும் கட்டில் பலகைக்கும் நடுவே செருகிக்கொள்ளும். மேல்துண்டு வளைந்து மெத்தைக்கு மேலே நிற்கும். அகலம் இரண்டடி. உயரத்தை மூன்று துளைகளில் மாற்றிக்கொள்ளலாம். வெள்ளைப் பூச்சு நன்றாகவே ஒட்டியிருக்கிறது, இதுவரை உதிரவில்லை. பட்டாம்பூச்சித் திருகு ஒன்று குறைந்தது. விற்றவரிடம் போனில் சொன்னேன், அனுப்பிவைத்தார், வந்தது பொருந்தவில்லை. தெருமுனை இரும்புக் கடையில் சில்லறைக் காசுக்கு வேலை முடிந்தது. இதற்கு மேல் அதைப் பெரிதாக்க விரும்பவில்லை.

சிக்கல் மெத்தையில் இருக்கிறது. இந்தக் கூண்டைக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொள்வது எதுவும் இல்லை. மெத்தையின் கனமும் நம் காலின் கனமும்தான் அதற்குப் பிடிமானம். கனத்த ஸ்பிரிங் மெத்தையை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். என்னுடையது இலவம்பஞ்சு மெத்தை, மூன்று அங்குலம், தூக்கினால் ஒரு கையில் வரும். நான் படுத்திருக்கும்வரை கூண்டு அசையாமல் நிற்கிறது. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் போர்வையின் கனத்துக்கே முன்பக்கம் சாய்கிறது. அதுகூடப் பரவாயில்லை, கீழ்க்குழாய் பஞ்சைத் தாண்டிக் கெண்டைக்காலில் உறுத்துகிறது. மகன் அறையில் இருந்த நான்கு அங்குலத் தென்னைநார் மெத்தைக்கு மாறிய பிறகு இரண்டு குறையும் தீர்ந்தன. இலவம்பஞ்சை விட மனமில்லாதவர்கள் அடியில் கனத்த பவானி ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டுப் பார்க்கலாம். கயிற்றுக் கட்டிலுக்கு இது ஆகாது. பாயில் படுப்பவர்களுக்கும் ஆகாது.

அடுத்தது போர்வை. கூண்டின் மேல் ஏறி இறங்குவதற்கே துணியில் பெரும்பங்கு போய்விடுகிறது. வழக்கமான ஒற்றைப் போர்வையைப் போட்டால் கழுத்துவரை வர வேண்டியது வயிற்றோடு நின்றுவிடும். பக்கவாட்டிலும் எட்டாது, அந்த இடைவெளியில் கொசுக்கள் தாராளமாக நுழைந்துகொள்ளும். கனத்த போர்வையாக இருந்தால் நழுவும். மேலே இருப்பதோ இரண்டே குழாய்கள். மெல்லிய துணியாக இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவே தொய்ந்து சரியாகப் பெருவிரலில் வந்து உட்காரும். யாருக்காகச் செய்தார்களோ அவர்கள் ஒருவரையும் அதில் படுக்கவைத்துப் பார்க்கவில்லை என்று நான் சத்தியம் செய்வேன்.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் என் மனைவி. பாவாடை நாடாவை இரண்டு குழாய்களுக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினாள். தொய்வு நின்றது. பிறகு என்னுடைய எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்து, நீளவாக்கில் இல்லாமல் கட்டிலுக்குக் குறுக்காக விரித்தாள். எட்டு முழம் என்றால் பன்னிரண்டு அடி. கூண்டின் மேல் ஏறி இரண்டு பக்கமும் இறங்கி மெத்தைக்கடியில் செருகிக்கொள்ளும் அளவுக்குத் துணி இருக்கிறது. வேட்டியின் அகலம் கால்மாட்டிலிருந்து முழங்கால்வரை வருகிறது. அதற்கு மேல் உடம்புக்கு என் பழைய போர்வையே போதும். “என்னங்க, இதற்குப்போய் தனிப் போர்வை வாங்க வேண்டுமா?” என்றாள். வேண்டியதில்லை. வேட்டி மெல்லியது என்பதால் உள்ளே புழுங்குவதும் இல்லை. கூண்டை மிகத் தாழ்ந்த துளையில் வைத்தால் போதும். விரல்களுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது குறையை விற்பவர் திருத்தியே ஆக வேண்டும். குழாயின் வளைவுகள் வழவழப்பாக இருக்கின்றன, ஆனால் திருகு வரும் இடம் கூர்மை. உணர்ச்சி மங்கிய பாதம் அதில் இரவெல்லாம் உரசினாலும் நமக்குத் தெரியாது. சின்னக் கீறல்தானே என்று விட்டுவிட முடியாது. சர்க்கரை உள்ள காலில் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடித்தால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அரசு மருத்துவமனை வாசலில் ஒரு மணி நேரம் நின்றவர்கள் அறிவார்கள். நான் பழைய துண்டைக் கிழித்துக் குழாய் முழுவதும் சுற்றித் தைத்துவிட்டேன். பஞ்சு உறை ஒன்று கூடவே கொடுத்தால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் முன்பே உண்டு. இப்போது பாதத்தின் பக்கவாட்டையும் குதிகாலையும் கூடுதலாகப் பார்க்கிறேன். குதிகால் மெத்தையில் அழுந்தாமல் இருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் தட்டையான தலையணை ஒன்று வைத்துக்கொள்வதும் உண்டு.

வலிக்கான மாத்திரை எனக்குக் கொஞ்சம் கிறுகிறுப்பைத் தரும். இருட்டில் எழும்போது கூண்டின் மேல் தடுக்கிவிடாமல் இருக்க, இறங்கும் பக்கத்தில் குழாய் நீட்டிக்கொண்டிருக்காதபடி எதிர்ப்பக்கத்திலிருந்து செருகியிருக்கிறேன். இறங்கும் இடத்தில் எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பு தயாராக இருக்கும். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால்களுக்காக உழைத்த காலத்திலேயே புழக்கத்துக்கு வந்த செருப்பு அது; வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதே என்பது மருத்துவரின் உத்தரவு.

தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாமா? எரிச்சல் போய்விட்டதா என்றால் இல்லை. கூண்டு நரம்பைச் சரிசெய்யாது. ஆனால் புரண்டு படுக்கும்போதெல்லாம் துணி உரசி விழித்துக்கொள்வது நின்றுவிட்டது. முன்பு இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்து பால் வண்டிக்காகக் காத்திருப்பேன். இப்போது பெரும்பாலும் பால்காரர் மணியடித்துத்தான் எழுகிறேன். மாத்திரையின் பங்கும் அதில் உண்டு, எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கூண்டை எடுத்துவிட்டுப் படுத்த இரவுகளில் தூக்கம் கெட்டது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். எங்கள் தெருவில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்ட ஓர் அம்மாவுக்கும் இதே பாத எரிச்சல். சில புற்றுநோய் மருந்துகள் நரம்பைத் தாக்கும். அவர் என் கூண்டை இரவல் வாங்கிப் படுத்துப் பார்த்துவிட்டு, பனகல் சாலையில் ஒரு சர்ஜிகல் கடையில் சொல்லிவைத்துத் தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார். அங்கே 300 ரூபாய் கூடுதல், ஆனால் மேலே மூன்று குழாய்கள், நாடா கட்டும் வேலை இல்லை. நேரில் போய் வாங்க முடிந்தவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

கட்டிலில் இருவர் படுப்பதாக இருந்தால் ஆளுக்கொரு போர்வை என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். பேரன் பேத்தி வரும் வீடாக இருந்தால் பகலில் கூண்டு உங்களுடையது இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். பஞ்சு உறையும் மூன்றாவது குழாயும் வந்தால் நான்கரை. வந்த அட்டைப் பெட்டியை எறிந்துவிடாதீர்கள். கூண்டைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக முடியாது. திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பெட்டியின் அடியையும் ஒரு பக்கத்தையும் வெட்டிவிட்டு மடித்து எடுத்துப்போகிறேன். அங்கே விரித்துக் கால்மாட்டில் கவிழ்த்து, மேலே வேட்டியைப் போட்டால் நாலைந்து இரவுக்குத் தாங்குகிறது.